சர்னாய் அளவில் ஒரு பூச்செருப்பு

சர்னாயின் கால் பெரிய கால். கேலிக்காகச் சொல்லவில்லை. சரி, கேலிக்காகவும்தான். அவள் வந்த முதல் பனிக்காலத்தில், பஸ் நிலையத்திலிருந்து என் டாக்சிவரை பதிந்திருந்த தடத்தைப் பார்த்துவிட்டு, மலையிலிருந்து கரடி இறங்கிவிட்டது, போலீஸுக்குச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். வண்டியில் ஏறியதும் அவளிடமே அதைச் சொன்னேன்.

"கரடின்னா என்ன மாமா?" என்று கேட்டாள்.

கொரிய மொழிப் பள்ளியில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கி உறுமிக் காட்டினேன். வண்டி வயலில் இறங்கப் பார்த்தது. அவள் சிரித்த சிரிப்பில் என் டாக்சியின் பின்கண்ணாடியில் கீறல் விழுந்தது. நம்பாவிட்டால் வந்து பாருங்கள், கீறல் இன்னும் இருக்கிறது.

எங்கள் யாங்கு ஊரில் மனிதர்களைவிடச் சிப்பாய்கள் அதிகம், சிப்பாய்களைவிடக் கோழி வறுக்கும் கடைகள் அதிகம். மலைக்கு அந்தப் பக்கம் வடகொரிய எல்லை. வயசுக்கு வந்த பையன்களையெல்லாம் அரசாங்கம் தலையை மொட்டையடித்து இங்கே கொண்டுவந்து கொட்டுகிறது. சனிக்கிழமை ஆனால் சுன்சோன் நகரத்துப் பஸ் வரும். அதிலிருந்து தூக்குவாளியோடு அம்மாக்களும், மலை வளைவில் குமட்டி மை கரைந்த கண்ணோடு பெண்களும் இறங்குவார்கள். அவர்களை முகாம் வாசலில் கொண்டு விடுவதுதான் என் பிழைப்பு. எந்தப் பெண் எத்தனை வாரம் வருவாள் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். பையன் தொப்பியில் பதவிக் கோடு ஒன்றாக இருக்கும்வரை வாராவாரம் வருவாள். இரண்டு கோடு ஆனதும் மாதம் ஒருமுறை. மூன்றாவது கோடு விழும்போது அவள் வேறு யாரோடாவது கடற்கரையில் இருப்பாள். அப்படி விட்டுப் போனவளை, 'ரப்பர் செருப்பைத் திருப்பிப் போட்டுக்கிட்டா' என்று ஊர் சொல்லும்.

கடைசிவரை காத்திருக்கிறவளுக்கு ஒரு மரியாதை உண்டு. நான்கு கோடும் முடிந்து பட்டாளத்திலிருந்து விடுதலையாகிற அன்று பையன் வாசலில் மண்டியிட்டு, அவள் காலில் பூச்செருப்பு போட்டு விடுவான். பட்டுத் துணியில் பூ தைத்தது, படகு மாதிரி முனை வளைந்தது. நான் டாக்சி ஓட்டிய இத்தனை வருஷத்தில் அப்படிப் போட்டுக்கொண்டவர்களை எண்ண ஒரு கை போதும், அதிலும் கட்டைவிரல் மிச்சம்.

இதைச் சர்னாயிடம் முதல் நாளே சொல்லி வம்பிழுத்தேன். அன்றிலிருந்து சனிக்கிழமை அவள் ஏறினால், "செருப்பு நேரா இருக்காம்மா?" என்று கேட்பேன். அவள் பின்சீட்டிலிருந்து இரண்டு காலையும் தூக்கி, முன்சீட்டுகளுக்கு நடுவில் நீட்டிக் காட்டுவாள். "நேரா இருக்கு மாமா!" எனக்கு ரோடு தெரியாது, கால்தான் தெரியும்.

அவள் மங்கோலியாக்காரி. தர்கான் என்கிற ஊர். அப்பா இல்லை. அம்மா சந்தையில் கையுறையும் குல்லாவும் விற்கிறவர். கொரிய மொழி படித்துவிட்டு வந்த அத்தை மகளுக்கு அங்கே ஒரு கம்பெனியில் கண்ணாடி வைத்த தனி அறை கொடுத்திருக்கிறார்களாம். அதைப் பார்த்த அம்மா, சித்தப்பாவிடம் மேய்ச்சலுக்கு விட்டிருந்த ஆடுகளை விற்று இவளை சுன்சோன் மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். இங்கே காலையில் வகுப்பு, சாயங்காலம் இரும்புத் தட்டில் கோழி வதக்குகிற கடையில் வேலை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்க, பக்கத்துப் பல்கலைக்கழகத்து மாணவர்களை ஆளுக்கு ஒருவராக ஜோடி சேர்ப்பார்கள். இவளுக்கு வந்து சேர்ந்தவன் சங்வோன். தேகு நகரத்துப் பையன். நல்ல உயரம், கன்னத்தில் குழி. வீட்டுப்பாடம் திருத்த ஆரம்பித்து, ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்டி, அப்புறம் என்ன, இலை உதிர்வதற்குள் காதல். பனி விழுவதற்குள் பட்டாளத்திலிருந்து அவனுக்கு அழைப்பு.

"நான் காத்திருக்கேன்னு சொல்லிட்டேன் மாமா."

"சொல்றவங்க எல்லாரும் சொல்லுவாங்க. மூணாவது கோடு விழட்டும், பாப்போம்."

"பாருங்க!"

பார்த்தேன். வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் வார விடுமுறைக்குத் தீவு, அரண்மனை, கடல் என்று சுற்றினார்கள். இவளுக்கு அரண்மனையும் கடலும் யாங்குதான். திங்கட்கிழமை வாத்தியாரம்மா ஒவ்வொருவராக, "சனி ஞாயிறுல என்ன பண்ணீங்க?" என்று கேட்பாராம். இவள் எழுந்து, "யாங்கு போனேன்!" என்று விறைப்பாகச் சொல்வாளாம். முகாம் வாசலில் கேட்டுக் கேட்டுப் பழகி, பட்டாளத்துக்காரன் மாதிரிதான் பேசுவாள். ஒருநாள் வாத்தியாரம்மாவுக்கே சல்யூட் அடித்துவிட்டாள். அந்த அம்மா பயந்துபோய்த் திருப்பி அடித்தாராம்.

முதல் பனிக்காலத்தில் சங்வோனுக்கு ஒரு கோடு. அவள் கொண்டுபோன வறுத்த கோழியைச் சாப்பிடுகிறபோதே அழுவானாம். இரண்டு தொடையும் அவனுக்கு, இறக்கை இவளுக்கு. சாப்பிட்டுக் கை துடைத்துவிட்டு இவள் வீட்டுப்பாடத்தைத் திருத்துவான். திரும்பி வரும்போது காகிதத்தை ஜன்னலில் வைத்துக் காட்டுவாள். எண்ணெய்க் கறையும் சிவப்பு மையும் கலந்து, வாத்தியாரம்மா எப்படித்தான் படித்தாரோ.

இரண்டு கோட்டில் அழுகை நின்றது. மூன்று கோட்டில் வெளியே வர அனுமதி கிடைக்கும் நாட்களில் நேராகக் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடைக்குப் போவான். இவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாடம் எழுதுவாள். அவன் காதில் ஹெட்போன். நீண்ட விடுமுறை கிடைத்தால் தேகுவுக்குப் போய்விடுவான், அம்மாவுக்கு முதுகு வலியாம். நான்கு கோட்டில் அவன் தலைமுடி வளர்ந்தது. பார்வையாளர் அறைக்கு வரவே அரைமணி ஆக்கினான். வந்தால் கடிகாரத்தைப் பார்த்தான். இதெல்லாம் அவள் சொன்னதுதான், குறையாகச் சொல்லவில்லை. "பெரிய சார்ஜண்ட் ஆயிட்டாரு மாமா, வேலை ஜாஸ்தி" என்பாள்.

"கோழித் தொடை?"

"ரெண்டும் அவருக்குத்தான்."

ஊர் அவளைத் தத்தெடுத்துக்கொண்டது. கோழிக்கடைக்காரன் கூட ஒரு துண்டு போட்டான். திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரம் தொக்சுன் அக்காவின் செருப்புக் கடையில் அடுப்பருகே உட்கார்ந்திருப்பாள். அக்கா தான் பெற்ற மகளைத் திட்டுகிற மாதிரியே இவளையும் திட்டும். அந்தக் கடையில் அதைவிடப் பெரிய அன்பு யாருக்கும் கிடைத்ததில்லை.

விடுதலைக்கு முந்தின வாரம் சங்வோன் தனியாக என் டாக்சியில் ஏறினான்.

"மாமா, ஒரு உதவி. ஒரு ஜோடி பூச்செருப்பு வேணும், இந்தாங்க காசு. அளவு இருநூத்து முப்பது மில்லிமீட்டர். செவ்வாய்க்கிழமை காலைல வாசலுக்குக் கொண்டு வந்துடுங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

எனக்குச் சந்தோஷத்தில் வண்டி நாலு சக்கரத்தில் ஓடுகிறதா இரண்டிலா என்றே தெரியவில்லை. அவனை இறக்கிவிட்டு அக்கா கடைக்குப் பறந்தேன்.

"இருநூத்து முப்பதா?" அக்கா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தது. "டேய் போங்சிக், அந்தப் புள்ளை காலுல கட்டைவிரல்கூட அதுல நுழையாதுடா. போன வருஷம் பனி பூட்ஸ் நான்தானே வித்தேன்? இருநூத்தம்பது!"

"பையன் முப்பதுன்னுதான்க்கா சொன்னான்."

"ஆம்பளைப் பசங்களுக்குப் பொண்ணு காலு கண்ணுக்குத் தெரியுமாடா? உன் பொண்டாட்டி அளவு சொல்லு, பாப்போம்."

நான் கையை விரித்துக் குத்துமதிப்பாக ஒரு நீளம் காட்டினேன்.

"பாத்தியா? வாசல்ல எல்லாரும் பாக்க, மண்டி போட்டு, காலு நுழையாம புள்ளை அவமானப்படணுமா? இதைக் கொண்டு போ."

சிவப்புப் பட்டில் மஞ்சள் பூ. சந்தை முழுக்க வந்து அதைத் தொட்டுப் பார்த்தது. கோழிக்கடைக்காரன் கையைக் கழுவிவிட்டு வந்து தொட்டான். அவன் கை கழுவி நான் பார்த்தது அன்றைக்குத்தான். நம்ம பொண்ணுக்குப் பூச்செருப்பு வந்துவிட்டது என்று ஆளாளுக்கு முதுகில் தட்டிக்கொண்டோம்.

அந்தச் சனிக்கிழமை சர்னாய் வழக்கம்போல வந்தாள். "செவ்வாய்க்கிழமை வர வேண்டாம்னு சொல்லிட்டாரு மாமா. எனக்கு அன்னைக்குப் பரீட்சை. எழுதலைன்னா இதே வகுப்புல மறுபடி உக்காரணும். அவரே சுன்சோனுக்கு வந்து பாக்கறாராம்."

"சொன்னாக் கேளும்மா" என்று நல்ல பிள்ளையாகச் சொன்னேன். வாய்க்குள்ளே ரகசியம் தவளை மாதிரி குதித்தது. என் வாயைக் கட்டினாலும் தொக்சுன் அக்கா வாயைக் கட்ட ஆள் பிறக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அக்கா அவள் காதில், "பரீட்சை அடுத்த பருவத்துக்கும் வரும்டி. செவ்வாய்க்கிழமை வந்து நில்லு. சுத்தமா ஒரு சாக்ஸ் போட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டது.

திங்கள் சாயங்காலப் பஸ்ஸில் வந்து அக்கா வீட்டில் தங்கினாள். காலையில் நான் போனபோது வாசலில் தயாராக நின்றிருந்தாள். தரையெல்லாம் உறைபனி. வண்டியில் ஏறியதும் பூட்ஸைக் கழற்றிக் காலை நடுவில் நீட்டினாள். புதுச் சாக்ஸ், வெள்ளை வெளேரென்று, கொசுவலை மாதிரி மெல்லிசு.

"செருப்பு நேரா இருக்கா மாமா?"

"செருப்பே இல்லையே, வெறும் சாக்ஸ்தானே இருக்கு."

"அதான் மாமா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கன்னம் ரெண்டும் சிவந்திருந்தது. டிக்கியில் பூச்செருப்புப் பெட்டி கிடந்தது.

முகாம் வாசலில் ஏற்கெனவே ஒரு கார் நின்றது, தேகு நம்பர். அதிலிருந்து சங்வோன் ஜாடையில் ஒரு அம்மா இறங்கினார். அவருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண். சின்னக் குருவி மாதிரி இருந்தாள்.

"தங்கச்சியா?" என்று கேட்டேன்.

"அவருக்குத் தங்கச்சி இல்ல மாமா. அத்தை பொண்ணா இருக்கும்" என்றாள் சர்னாய்.

கதவு திறந்தது. ஜூனியர்கள் கைதட்ட சங்வோன் வெளியே வந்தான். வந்தவன் நேராக என்னிடம் வந்தான். நான் டிக்கியைத் திறந்து பெட்டியைக் கொடுத்தேன். பின்சீட்டில் இவள் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, பூட்ஸைப் போட மறந்து சாக்ஸோடு உட்கார்ந்திருக்கிறாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தான், அந்தக் காரைப் பார்த்து.

வெள்ளைக் கோட்டுப் பெண்ணின் முன்னால் மண்டியிட்டான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஆள் தெரியாமல் மண்டியிடுகிறானோ, கூப்பிட்டுச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. அவன் அந்தப் பெண்ணின் காலைப் பிடித்துச் செருப்பைப் போட்டான். அவளுடைய கால் அதற்குள் எங்கே போனது என்றே தெரியவில்லை. அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். கால் வந்துவிட்டது, செருப்பு ரோட்டிலேயே நின்றது. அம்மா சிரித்தார். காவலுக்கு நின்ற சிப்பாயும் சிரித்தான்.

"பரவால்ல, பஞ்சு வெச்சுப் போட்டுக்கிறேன்" என்றது அந்தப் பெண். பாவம், அதுவும் நல்ல பெண்தான்.

சங்வோன் என் பக்கம் திரும்பிக் கத்தினான். "மாமா! நான் இருநூத்து முப்பதுன்னுதானே சொன்னேன்!"

எனக்குப் பின்னால் டாக்சிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சர்னாய் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினாள். ரோட்டில் தனியாகக் கிடந்த செருப்பைப் பார்த்தாள். அதன் நீளத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது.

அவன் முகம் மாவு பூசின மாதிரி ஆனது.

"யாருப்பா இந்தப் பொண்ணு?" என்று கேட்டார் அம்மா.

அவன் ரோட்டில் கிடந்த செருப்பை எடுக்கக் குனிந்தான்.

சர்னாய் குதிகால் இரண்டையும் சேர்த்து நின்றாள். நெற்றியில் கை வைத்தாள். "விசுவாசம்!" என்று முகாம் சிப்பாய்கள் போடுகிற சத்தத்தைப் போட்டாள். "சுன்சோன் மொழிப் பள்ளி மாணவி சர்னாய்! சார்ஜண்ட் எனக்கு வீட்டுப்பாடம் திருத்திக் குடுத்தாரு. விடுதலைக்கு வாழ்த்துச் சொல்ல வந்தேன்!"

"அடி ஆத்தி, என்ன அழகாப் பேசுது!" அம்மா பூரித்துப்போனார். "நீ சொல்லிக்குடுத்ததா சங்வோன்? இந்தக் குளிர்ல இவ்வளவு தூரம் வந்திருக்கு பாரு." காருக்குள் கையை விட்டு இரண்டு ஆரஞ்சுப் பழம் எடுத்து நீட்டினார். சர்னாய் குனிந்து வணங்கி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

சங்வோன் செருப்பைப் பெட்டியில் போட்டு, என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கொடுத்தான். "அளவு மாத்தி தேகுவுக்கு அனுப்பிடுங்க." கார் போய்விட்டது.

மலைப்பாதையில் இறங்கும்போது எனக்கு ஒரு கேலியும் வரவில்லை. அவள் ஒரு பழத்தை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

"இப்பப் போனா மத்தியானப் பரீட்சையாவது எழுத முடியுமா மாமா?"

"எத்தனை மணிக்கு?"

சொன்னாள். முடியாது. அவளுக்கும் தெரிந்திருந்தது.

பஸ் நிலையத்தில் தொக்சுன் அக்கா ஓடி வந்தது. என் முகத்தைப் பார்த்ததும் நின்றது. விஷயத்தைச் சொன்னேன். தேகு பக்கம் திரும்பி அக்கா கொட்டிய வசவுகளை எழுதினால் இந்தக் காகிதம் பற்றிக்கொள்ளும். அப்புறம் பெட்டியைப் பிடுங்கிச் சர்னாய் கையில் திணித்தது. "இது உன் அளவுடி. எடுத்துட்டுப் போ. அவன் காசுல உனக்கு ஒரு செருப்பாவது மிஞ்சட்டும்."

சர்னாய் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "அளவு என்னுதுதான் அத்தை. செருப்பு எனக்கு வாங்கினது இல்ல."

"அவன்தான் சொல்லலை. நாங்க உனக்குத்தான்டி வாங்கினோம்" என்றது அக்கா. "மொத்தச் சந்தையும் உனக்குத்தான்டி வாங்குச்சு."

அவள் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிட்டாள். இருநூற்று முப்பது அளவு தேகுவுக்குப் போகவில்லை. "அந்த அளவு என் கடைல இல்ல. இனிமேலும் இருக்காது" என்று அக்கா சொல்லிவிட்டது. பெட்டி என் டிக்கியிலேயே, ஜாக்கிக்குப் பக்கத்தில் கிடந்தது.

அவளை இனிமேல் பார்க்க மாட்டோம் என்றுதான் நினைத்தேன். இந்த நாட்டில் இனி நமக்கு என்ன வேலை என்று மங்கோலியாவுக்கே போயிருப்பாள் என்று கோழிக்கடைக்காரன் சொன்னான். சனிக்கிழமை பஸ் வந்தது. தூக்குவாளி அம்மாக்கள் இறங்கினார்கள். மை கரைந்த பெண்கள் இறங்கினார்கள். கடைசியில், பெரிய பூட்ஸைப் படியில் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டு சர்னாய் இறங்கினாள். கையில் ஒன்றும் இல்லை.

வழக்கம்போல நடந்து வந்து என் பின்சீட்டில் ஏறினாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

"எங்கம்மா போகணும்?"

"தெரியல மாமா." கொஞ்சநேரம் கண்ணாடியைத் துடைத்தாள். "காலைல எந்திரிச்சேன். சனிக்கிழமை. காலு பாட்டுக்கு பஸ் நிலையத்துக்கு வந்துடுச்சு. வந்து எத்தனை நாளாச்சு, இந்த நாட்டுல எனக்கு வேற எடமே தெரியாது. திங்கக்கிழமை வாத்தியாரம்மா கேப்பாங்க, சனி ஞாயிறுல என்ன பண்ணேன்னு."

நான் வண்டியை எடுத்தேன். சந்தையைத் தாண்டினால் ரோடு இரண்டாகப் பிரியும். இடது பக்கம் முகாம். என் கை பழக்கத்தில் இடது பக்கம் ஒடித்துவிட்டது. நான் பிரேக் போட்டு, பின்னால் வந்த லாரிக்காரனிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டு, வலது பக்கம் திருப்பினேன்.

"அங்க என்ன இருக்கு மாமா?"

"ஒண்ணும் இல்ல. தண்ணி. அணைக்கட்டுத் தண்ணி."

"சரி."

தண்ணீர் ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். ஓரமெல்லாம் பனிக்கட்டி பிடித்திருந்தது. அவள் இறங்கிப் போய் நின்றாள். என் டாக்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், ரொம்ப நேரம். தோள் குலுங்கியது. நான் போகவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்தேன், அவளுக்கு அழ வசதியாக இருக்கட்டும் என்று. ரேடியோவில் எவனோ மாட்டுத் தீவனத்து விளம்பரம் பாடிக்கொண்டிருந்தான்.

வந்து ஏறினபோது மூக்கு மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது. பஸ் நிலையம் வரும்வரை நான் ரோட்டைத்தான் பார்த்து ஓட்டினேன். என் ஓட்டுநர் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக ஓட்டினது கிடையாது. நிலையம் வந்ததும் அவள் இறங்கவில்லை.

"மாமா, இன்னைக்கு நீங்க கேக்கவே இல்லையே."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்சீட்டில் அசைகிற சத்தம் கேட்டது. ஈரப் பனி ஒட்டிய இரண்டு பெரிய பூட்ஸ் என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நீட்டிக்கொண்டு நின்றன.

"நேராத்தான் இருக்கு. பாத்துக்கோங்க" என்றாள்.

பார்த்தேன். நேராகத்தான் இருந்தன.